ஒரே நாள், ஒரே ஊர்: உத்திரமேரூருக்குப் போவோமா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



தை மாதத்தில் ஒரு நாள் சுற்றுலா போகலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நடக்கிறது. இதுவரை வந்த யோசனைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காலை 5 மணிக்குப் புறப்பாடு. காஞ்சிபுரத்தில் மூன்று கோயில், ஒரு பட்டுக்கடை. அங்கிருந்து உத்திரமேரூர். பிறகு மதுராந்தகம் ஏரி. சாயங்காலம் வேடந்தாங்கலில் பறவைகள். இரவு 10 மணிக்குள் வீடு. இதில் உத்திரமேரூருக்கு நேராக "வழியில் அரை மணி நேரம்" என்று போட்டிருந்தது.

ஒரு சிறிய கூட்டல் கணக்குப் போடுங்கள். ஏறி இறங்குவது, எல்லோரும் வந்தாயிற்றா என்று தலையை எண்ணுவது, கழிப்பறை தேடுவது, சாப்பாடு, சாலை நெரிசல் எல்லாம் போக, ஒவ்வொரு இடத்திலும் நிம்மதியாக நிற்கக் கிடைப்பது இருபது நிமிடம்தான். நம்மில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. மீதிப் பேருக்கு அது வந்துகொண்டிருக்கிறது. இப்படி ஐந்து இடத்தைத் தொட்டுவிட்டு வருவதற்குப் பதில், அந்த "அரை மணி நேரம்" ஊரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அடித்துவிடலாம் என்பதுதான் என் யோசனை. ஒரு நாள், ஒரு ஊர். காஞ்சிபுரமும் வேடந்தாங்கலும் எங்கும் ஓடிவிடாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

உத்திரமேரூரில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரம் அது. காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டு பக்கமும் 30 கிலோமீட்டருக்கு உள்ளே. ரயில் கிடையாது. பஸ்தான். நம் பகுதியிலிருந்து வேனில் போனால் செங்கல்பட்டு வழியாகப் போவது சுலபம். செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வயலும் ஏரியும் தொடங்கிவிடும்.

ஊருக்குள் நுழைந்தால் சுற்றுலாத் தலம் என்ற அடையாளமே தெரியாது. பஸ் நிலையம், அரசு அலுவலகங்கள், அவற்றை அண்டிப் பத்திரம் எழுதுபவர்கள், உரக்கடை, விதைக்கடை, பம்பு செட்டு பழுது பார்க்கும் கடை. சுற்றியுள்ள கிராமத்து மக்கள் பட்டா, சிட்டா, மருந்து, மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்று எல்லாவற்றுக்கும் வந்து போகும் இடம். அந்தக் கூட்டத்தின் நடுவில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. உயரமான கோபுரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கருங்கல் சுவர் வைத்த ஒரு மண்டபம், அவ்வளவுதான். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சோழர் காலத்தில் ஊர்ச் சபை கூடிய இடம் அது. அந்தச் சுவர்கள் முழுக்க எழுத்து.

இந்த எழுத்துகளில் இரண்டு கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும் வெட்டப்பட்டவை. அதாவது கி.பி. 919, 921. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தார்கள். அறிஞர் வெங்கையா படித்து விளக்கி வெளியிட்டார். பிறகு நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆராய்ச்சியில் இந்த ஊருக்குத் தனி இடம் கொடுத்தார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் "குடவோலை முறை" என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்தது இதைத்தான்.

ஆனால் இரண்டு மதிப்பெண் விடையில் வராத சங்கதிகள் அந்தச் சுவரில் நிறைய உண்டு. நான் பல வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பேரேடு எழுதியவன். எனக்குச் சரித்திரப் பட்டம் எதுவும் கிடையாது, பி.காம். மட்டும்தான். இருந்தாலும் கணக்கு எழுதியவன் கண்ணுக்கு அந்தச் சுவர் வேறு மாதிரி தெரியும். அதனால்தான் இன்று இவ்வளவு பேசுகிறேன்.

அந்தக் காலத்து உத்திரமேரூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. நம் சங்கத்தில் பிளாக் வாரியாகப் பிரதிநிதி வைத்திருக்கிறோமே, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே ஓர் ஓலை வைத்துக் குடத்தில் இடுவார்கள். சிறுவர் முதல் பெரியவர் வரை சபையார் எல்லோரும் கூட வேண்டும். அன்றைக்கு ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் சபைக்கு நடுவில் வந்து உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார்.

பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பிள்ளையாக அவன் இருக்க வேண்டும். அவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை அவன் எடுத்து மத்தியஸ்தர் கையில் கொடுப்பான். மத்தியஸ்தர் அதை எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாது அல்லவா? வாங்கிய ஓலையை உரக்கப் படிப்பார். அதோடு முடியவில்லை. அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் ஏற்கப்படும்.

பணம் எண்ணிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். வங்கியில் பெட்டகத்தை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு பேர். யாரையும் திருடன் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு இல்லை அது. நல்லவர் மேல் வீண் பழி வராமல் இருப்பதற்கும் அதுதான் வழி. உத்திரமேரூர்ச் சபையார் அதை விரல் அளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.

இப்படி 30 குடும்புக்கும் ஒருவராக 30 பேர். அவர்களில் முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் 12 பேர் ஆட்டை வாரியத்துக்கு. அது வருடாந்தரக் குழு. 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்ற வேறு இரண்டு குழுக்களுக்கும் இதே போல ஓலை எடுத்து ஆறு ஆறு பேர். பதவி 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே விலக்கிவிடுவார்கள்.

யார் பெயரை ஓலையில் எழுதலாம்? 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டே வருடத்தில் அதை 35க்கு மேல், 70க்குள் என்று திருத்தியிருக்கிறார்கள். ஏன் திருத்தினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் ஒரு விதியை நடைமுறையில் வைத்துப் பார்த்து, இரண்டாவது வருடமே உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. நம் சங்க விதிகளை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கிறோம் என்று நான் இங்கே கேட்கவில்லை. மேலும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அவர் மட்டுமா? சுவரில் ஒரு பட்டியலே இருக்கிறது. அவருடைய தகப்பனார், மகன், அண்ணன் தம்பி, சித்தி மக்கள், பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், சகோதரியின் மக்கள், மருமகன். யாருடைய பெயரும் ஓலையில் ஏறாது.

நம் ஊரில் உறவுமுறை தெரிந்தவர்களுக்கு இதன் வலிமை புரியும். ஒருவர் கணக்குக் காட்டவில்லை என்றால் சங்கம் அவரை விரட்டிப் போக வேண்டியதில்லை. அடுத்த முறை வாரியத்துக்கு வர ஆசைப்படும் மைத்துனரும் மருமகனுமே வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். "கணக்கை ஒப்படைச்சிட்டீங்களா இல்லையா?" என்று.

கணக்கு எழுதுபவருக்கும் தனி விதி உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவர்தான் எழுதலாம். தாம் எழுதிய கணக்கைப் பெருங்குழுப் பெருமக்களிடம் காட்டி, சரியானது என்று ஆன பிறகுதான் மறுபடியும் அந்தப் பொறுப்புக்கு வரலாம். எழுதியவர் தம் கணக்கைத் தாமே காட்ட வேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கரை உள்ளே விடக் கூடாது. கவனியுங்கள், "அது எனக்கு முன்னால் இருந்தவர் காலத்துக் கணக்கு" என்று சொல்லித் தப்பிக்கும் வாசலையும் அடைத்துவிட்டார்கள். எந்த அலுவலகத்திலும் அதிகம் புழங்குகிற வாசல் அதுதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் அன்று பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். சபையில் இருந்தவர்கள் நிலமுடைய பிராமண ஆண்கள். அந்த நிலங்களில் உழுதவர்கள், குடம் வனைந்தவர்கள், சுவரில் இந்த எழுத்தை உளி பிடித்து வெட்டியவர் ஆகியோரின் பெயர் குடத்துக்குள் போகவில்லை. பெண்கள் பெயரும் போகவில்லை. ஆகவே "உலகத்திலேயே முதல் ஜனநாயகம் எங்கள் ஊர்" என்று முன்வரிசையில் நின்று கத்துவது சரியாகாது. எல்லோருக்கும் ஓட்டு என்பது சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் தந்தது. உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 2016இல். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டும். யார் உள்ளே வரலாம் என்பதில் அவர்கள் கதவு மிகக் குறுகல். உள்ளே வந்தவர் எப்படி நடக்க வேண்டும் என்பதில் அவர்கள் விதி நம் விதியை விடக் கறார். முதலாவதை நாம் திருத்திக்கொண்டோம். இரண்டாவதை விட்டுவிட்டோமா என்பதுதான் கேள்வி.

இதை எல்லாம் அரை மணியில் பார்க்க முடியாது என்பது இப்போது தெரிந்திருக்கும். எழுத்தை அடையாளம் காணவே நேரம் ஆகும். அது பழைய தமிழ் எழுத்து, இடையிடையே கிரந்தம். புள்ளி இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. முதலில் ஒன்றும் புரியாது. பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் ஒரு "ட", ஒரு "ப" என்று தெரிந்த முகங்கள் தட்டுப்படும். வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் மங்கிப் போகும். அதனால் 8 மணிக்கெல்லாம் நாம் அங்கே இருக்க வேண்டும்.

நானும் என் மனைவியும் ஒரு முறை பஸ்ஸில் போய் வந்தோம். காலையில் கோயில் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "கல்வெட்டு பார்க்கவா வந்தீங்க? நெறைய பேர் வர்றாங்க சார். காரை நிறுத்துறாங்க, சுவரு முன்னால நின்னு போட்டோ எடுக்கிறாங்க, கார்லயே ஏறிப் போயிடுறாங்க. சாப்பாடும் கையிலயே கொண்டு வந்துடுறாங்க. காலி தண்ணி பாட்டிலை மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போறாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஊருக்குப் பெயர் பாடப்புத்தகம் வரை போய்விட்டது. ஊர்க்காரருக்கு அதனால் ஒரு டீ கூடக் கூடுதலாக விற்கவில்லை என்றால், அந்தச் சுவர் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்கு எதற்கு வர வேண்டும்? இந்த மாதிரி சின்ன ஊர்களில் பழைய சின்னங்களைக் கடைசியில் காப்பாற்றுபவர்கள் சுற்றிலும் வாழ்பவர்கள்தான். நாம் போகும்போது அவர்களுக்கும் கொஞ்சம் லாபம் இருக்க வேண்டும், கொஞ்சம் மரியாதையும் இருக்க வேண்டும். அதனால் இந்தத் தடவை புளியோதரைப் பொட்டலம் வேண்டாம். காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் அந்த ஊர் ஓட்டலிலேயே வைத்துக்கொள்வோம். 25 பேர் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சிரமம் இல்லை. காய்கறியும் அங்கேயே வாங்கலாம்.

மதியம் கோயில்கள் நடை சாத்தியிருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைக்குப் போகலாம். பல்லவர் காலத்திலேயே இந்த ஊருக்குப் பெரிய ஏரி இருந்தது. வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகளில் பெயர். ஏரி வாரியத்தின் 6 பேருக்கு இந்த நீரைக் காப்பதே பொறுப்பு. ஏரியில் தூர் வாருவதற்கென்றே பொன் எழுதி வைத்த தர்மங்களும் உண்டு. அதாவது முதலைத் தொடாமல் வட்டியை வைத்து வருடா வருடம் மண் அள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. நம் வங்கி மொழியில் சொன்னால் நிரந்தர வைப்பு நிதி. ஏரி வெட்டுவதற்குப் பணம் கொடுப்பவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள், கல்லில் பெயர் வரும் அல்லவா? வருடா வருடம் சேறு அள்ளப் பணம் வைப்பவர்கள் அபூர்வம். நம் குடியிருப்பில் மழைநீர் வடிகாலுக்கு வசூல் செய்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

தை மாதத்தில் ஏரியில் தண்ணீர் இருக்க வாய்ப்பு உண்டு. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். தண்ணீரில் இறங்கும் யோசனை யாருக்கும் வேண்டாம்.

சாயங்காலம் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்துக் கோயில். மூன்று தளம் கொண்ட விமானம், ஒவ்வொரு தளத்திலும் சன்னிதி. கீழே நின்ற கோலம், நடுவில் அமர்ந்த கோலம், மேலே பள்ளிகொண்ட கோலம். மூன்று தளத்திலும் சேர்த்து ஒன்பது மூர்த்திகள். கீழ்த் தளத்தில் நான்கு திசைக்கும் ஒருவர், நடுத் தளத்தில் நால்வர், மேலே அனந்த பத்மநாபர். மேலே போகப் படி ஏற வேண்டும். முடியாதவர்கள் கீழே தரிசனம் செய்துவிட்டுப் பிராகாரத்தில் உட்காரலாம். அவசரம் இல்லாத நாள் என்பதால் யாரும் யாருக்காகவும் ஓட வேண்டியதில்லை.

போகிற இடத்தில் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிச் சில வார்த்தை. பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கூட்டமாகப் போனால் நமக்கும் பள்ளிப் பிள்ளைகள் குணம் வந்துவிடும்.

கல்வெட்டு தெரியவில்லை என்று அதன்மேல் சுண்ணாம்புத் தூள், விபூதி, எண்ணெய், தண்ணீர் எதையும் தடவக் கூடாது. விரலால் தேய்த்துப் படிப்பதும் வேண்டாம். செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெரியும். அது தொல்லியல் துறையின் இடம், மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. தெருவில் வேலை செய்துகொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். நம் வாசலில் கோலம் போடும்போது முன்பின் தெரியாதவர் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? "இந்த ஊர்ல ஒண்ணுமே டெவலப் ஆகல" என்று அவர்கள் காது கேட்கப் பேசுவதையும் தவிர்ப்போம். வழி கேட்டால் யாராவது கூடவே வந்து காட்டுவார்கள். அவர் கையில் பணத்தைத் திணிக்காமல், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று நான்கு வார்த்தை பேசுங்கள். காலி பாட்டில்கள் வந்த வேனிலேயே திரும்பி வர வேண்டும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: தொப்பி அல்லது குடை, தண்ணீர், அன்றாட மாத்திரை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. வெயில் ஏறிய பிறகு கல் தரை சுடும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு, சாப்பிடும் ஓட்டலிலேயே முன்கூட்டிப் பேசி வைத்துவிடலாம். பேரப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஒரு பிள்ளையை நிறுத்தி, குடம் ஒன்றில் நம் பெயர்களைப் போட்டு, குடவோலை எப்படி நடந்தது என்று அந்த ஓட்டல் மாடியிலேயே நடத்திக் காட்டலாம். புத்தகத்தில் படிப்பதை விட நன்றாக மனத்தில் நிற்கும்.

கடைசியாக ஒரு விஷயம். நம் சங்கத்துக்கு அடுத்த ஆண்டு தேர்தல் வருகிறது. பொருளாளர் பதவிக்கு யாரும் முன்வரவில்லை என்று செயலாளர் கவலைப்படுகிறார். முன்வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பணத்தைத் தொட்டால் பேச்சு வரும் என்ற பயம். குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தால், ஓலையை எல்லோரும் வாங்கிப் படித்தால், அந்தப் பயம் பாதி குறையும் என்பதுதான் உத்திரமேரூர்ச் சுவரில் நான் படித்த பாடம். அதைச் சின்னதாக இந்தச் சுற்றுலாவிலேயே தொடங்கிப் பார்ப்போம்.

வருகிறவர்கள் மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வேன் வாடகை, சாப்பாடு, காணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் போடுகிறேன். வசூலும் என் பொறுப்பு, கணக்கும் என் பொறுப்பு. திரும்பி வந்த ஏழாவது நாள் ரசீதுகளோடு வரவு செலவு அதே பலகையில் இருக்கும். மீதி எத்தனை ரூபாய் இருந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று திருப்பித் தரப்படும். எட்டாவது நாளும் கணக்கு வரவில்லை என்றால், நானும் சரி, பி பிளாக்கில் இருக்கும் என் மைத்துனரும் சரி, அடுத்த தேர்தலில் நிற்கக் கூடாது. மைத்துனரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் இப்போதே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.